குண்டு என்ன குண்டு?

ஊர்லேர்ந்து சிங்கப்பூருக்கு யாரு வந்தாலும் நான் தான் கைடு. இங்க கப்பல் பட்டறையில கிரேன் மெயின்டனன்ஸ்ல பதினாலு வருஷமா இருக்கேன், சொந்தக்காரங்க, கூடப் படிச்சவங்க, அவங்களுக்குத் தெரிஞ்சவங்கன்னு யார் வந்தாலும் ஆஃப் நாள்ல செந்தோசா தீவுக்கு கூட்டிட்டுப் போயிருவேன். பீச்சு எல்லாம் சுத்திக் காட்டிட்டு கடைசியா சிலோசோ கோட்டை. லிஃப்ட்ல ஏறி மரங்களுக்கு மேல போற அந்த நடைபாலத்துல நடந்தா நேரா கோட்டைக்குள்ள தான் போய் நிக்கும். அங்க இருக்கற பீரங்கி பக்கத்துல எல்லாரையும் நிக்க வச்சு ஃபோட்டோ எடுத்துட்டு ஒரு கதை சொல்லுவேன். வெள்ளக்காரன் அவ்ளோ காசு கொட்டி பெரிய பெரிய பீரங்கியா கொண்டு வந்து எல்லாத்தையும் கடலப் பாத்து வச்சிட்டான், ரெண்டாம் உலகப் போர்ல ஜப்பான்காரன் பின்பக்கமா மலேயா வழியா சைக்கிள்ல வந்து ஊரப் புடிச்சிட்டான், ஒரு பீரங்கி கூட அந்தப் பக்கம் திரும்பல, அவ்ளோ தான் சிங்கப்பூர் கதைன்னு முடிப்பேன். எல்லாரும் சிரிப்பாங்க, "இவ்ளோ பெரிய வெள்ளக்காரனுக்கு இது கூடவா தெரியல"ன்னு யாராவது ஒருத்தர் கண்டிப்பா கேப்பாங்க.

இந்தக் கதைய நான் எங்கயும் படிக்கல. வந்த முதல் வருஷம் டார்மெட்ரியில எனக்கு மேல் கட்டில்ல இருந்த ஒரு அண்ணன் சொன்னது, அவருக்கு வேற யாரோ சொல்லியிருப்பாங்க. கேட்டதும் அப்படியே மனசுல ஒட்டிக்கிச்சு. சின்னதா இருக்கு, யாருக்கும் புரியுது, கேக்கறவனுக்கும் சொல்றவனுக்கும் நாம புத்திசாலின்னு ஒரு நினைப்பு வருது. பதினாலு வருஷத்துல எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்னு கணக்கே இல்ல.

ரெண்டு வருஷம் முன்னாடி என் தாய்மாமா வந்தாரு. மாமா மிலிட்டரி, ஆர்ட்டிலரியில இருபத்தி ரெண்டு வருஷம் இருந்துட்டு ஹவில்தாரா ரிட்டயர் ஆனவரு, 130 எம்எம் பீரங்கியிலயே பாதி சர்வீஸ் போச்சுன்னு சொல்லுவாரு. வலது காது சரியா கேக்காது, அதனால அவரோட நடக்கும் போது நாம எப்பவும் இடது பக்கமா நடக்கணும். அவரையும் வழக்கம் போல சிலோசோ கூட்டிட்டுப் போய் 6 இன்ச் பீரங்கி (குழாய் வாயோட அகலம் தான் இந்த இன்ச் கணக்கு) முன்னாடி நிறுத்தி அதே கதைய அதே மாதிரி சொன்னேன். மாமா சிரிக்கல. செருப்ப ஓரமா விட்டுட்டு பீரங்கிய ஒரு சுத்து சுத்தி வந்தாரு. அப்புறம் முட்டிய மடக்கி உக்காந்து அடிப்பக்கம் பாத்தாரு, பீடம் தரையில போல்ட் போட்டு இறுக்கியிருக்கற இடத்தையும், அதுக்கு மேல பீரங்கி உக்காந்திருக்கற இடத்தையும் விரலால தடவிக்கிட்டே "மாப்ள, உன் கிரேன் எப்படிடா திரும்புது?"ன்னு கேட்டாரு.

எனக்கு அந்த நிமிஷமே புரிஞ்சிருச்சு. பதினாலு வருஷமா கிரேன் சுத்தற ரிங்குல கிரீஸ் அடிக்கறவன் நான். அடியில நடு அச்சுல உக்கார வச்ச எதுவும் திரும்பறதுக்காகத் தான் உக்கார வச்சிருப்பாங்க, ஒரே பக்கம் பாக்கணும்னா இவ்ளோ வேலை எதுக்கு. எத்தனை தடவை அது பக்கத்துல நின்னிருக்கேன், குழாய் எந்தப் பக்கம் நீட்டிட்டு இருக்குன்னு பாத்தேனே தவிர அடியில ஒரு நாள் கூட குனிஞ்சு பாக்கல.

மாமா எழுந்து கைய தட்டிட்டு "திரும்பலன்னு எவன் சொன்னது? சரி அத வுடு. குண்டு என்ன குண்டு வச்சிருந்தான்?"ன்னாரு.

எனக்குப் பதில் தெரியல. குண்டுன்னா குண்டு தான, அதுல என்ன வகைன்னு தான் தோணுச்சு. அந்தக் கேள்வி அதுக்கப்புறம் என்ன விடவே இல்ல. மாமா ஊருக்குப் போன அப்புறமும் ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வந்து தூக்கம் வர வரைக்கும் இதையே தேடித் தேடிப் படிச்சேன், ஞாயித்துக்கிழமை லைப்ரரிக்குப் போனேன். அதுல தெரிஞ்சுகிட்டதத் தான் எழுதறேன், முக்கியமா என் வாயால அந்தக் கதைய கேட்ட எல்லாருக்காகவும்.

கப்பலுக்கான பீரங்கி

அன்னைக்கு கோட்டையில மர நிழல்ல உக்காந்து மாமா ரெண்டு விஷயம் சொன்னாரு. ஒண்ணு, குண்டு போற வழி. "கடல் மட்டமா கிடக்கும், நடுவுல மேடு இல்ல, மறைவு இல்ல. கப்பல் கண்ணு முன்னாடி வரும். அதனால கரைப் பீரங்கி குண்ட வேகமா, தாழ்வா, நேரா அனுப்பற மாதிரி செஞ்சிருப்பான். தரையில அப்படி இல்லடா, எதிரி மேட்டுக்குப் பின்னாடி படுத்திருப்பான், அவன் தலையில குண்டு விழணும்னா மேல ஏறிப் போய் கீழ இறங்கணும்." சொல்லும் போது கையாலயே காட்டுனாரு, ஒரு கைய மடக்கி மேடு மாதிரி வச்சுகிட்டு இன்னொரு கைய அதுக்கு மேல வளைச்சு இறக்கினாரு. ரெண்டாவது, குண்டோட வயிறு. கப்பல உடைக்கற குண்டு முனை கெட்டி, சுவர் கெட்டி, உள்ள வெடிமருந்து கொஞ்சம் தான் இருக்கும், ஏன்னா அது இரும்புத் தகட்டைத் துளைச்சு உள்ள போன அப்புறம் தான் வெடிக்கணும். அத ஏ.பி. குண்டுன்னு சொல்லுவாங்க. ஆளுங்க மேல போடறது எச்.இ. குண்டு, சுவர் மெல்லிசு, மருந்து நிறைய, தரையில பட்டதும் வெடிச்சு நாலா பக்கமும் இரும்பு சிதறும். ஏ.பி. குண்டைக் கொண்டு போய் சேத்து நிலத்துல போட்டா அது தகடு தேடிகிட்டு மண்ணுக்குள்ள போயிரும், ஆழத்துல போய் வெடிக்கும், மேல இருக்கறவன் மேல மண்ணு தான் விழும்.

சிலோசோ கோட்டை பொறந்ததே கப்பலுக்காகத் தான். 1869ல சூயஸ் கால்வாய் திறந்ததும் நீராவிக் கப்பல் எல்லாம் இந்த வழியா வர ஆரம்பிச்சிருச்சு, இன்னைக்கு கெப்பல் துறைமுகம்னு சொல்றமே அங்க நிலக்கரி மலையா குவிஞ்சு கிடந்துச்சு. அதுக்குக் காவலா 1870கள்ல எதிர்த்தாப்புல இருந்த இந்தத் தீவுல மலை உச்சிய வெட்டி சமமாக்கி பீரங்கி மேடை கட்டுனாங்க. அப்போ தீவுக்குப் பேரு புலாவ் பிளாக்காங் மாத்தி, மலாய்ல மாத்தின்னா சாவு, செந்தோசான்னு அமைதியான பேரு வந்தது 1970கள்ல தான். முதல்ல வாய் வழியா குண்டு போடற 7 இன்ச் பீரங்கி, அப்புறம் பின்னாடி திறந்து போடறது, 1930கள்ல ரெண்டு 6 இன்ச். 6 இன்ச் குண்டு ஒண்ணு 45 கிலோ, கிட்டத்தட்ட ஒரு சிமெண்ட் மூட்டை எடை.

கரைப் பீரங்கின்னா என்னன்னு நம்ம ஆளுங்களுக்கு எம்டன சொன்னா சட்டுனு புரியும். 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஒரே ஒரு ஜெர்மன் கப்பல் மெட்ராஸ் கரைக்குப் பக்கமா வந்து எண்ணெய் டேங்குங்கள கொளுத்திட்டுப் போச்சு, கரையிலேர்ந்து பதிலுக்கு சுட்டாங்க, ஒண்ணும் படல. ஊரே காலி பண்ணிட்டு ஓடுச்சு, இன்னைக்கும் கெட்டிக்காரன, எமகாதகன எம்டன்னு தான சொல்றோம். கரைப் பீரங்கி சரியா இருந்தா அப்படி ஒரு கப்பல் கிட்டயே வராது, வந்தா அடிபடும்னு தெரிஞ்சு தூரத்துலயே நிக்கும். அதாவது ஒரு குண்டு கூட சுடாம அம்பது வருஷம் நின்னாலும் அது வேலை செஞ்சதா தான் அர்த்தம். இத யோசிச்சப்போ தான் எனக்கு முதல் தடவையா சிங்கப்பூர் பீரங்கி மேல இருந்த இளக்காரம் போச்சு. 1942ல ஜப்பான் கப்பல் ஒண்ணு கூட அந்தப் பீரங்கிங்க முன்னாடி வந்து ஊரப் புடிக்கப் பாக்கல. கடல் வழி மூடியிருக்குன்னு அவங்களுக்குத் தெரியும், அதனால தான் அவ்ளோ தூரம் சுத்திகிட்டு நிலத்து வழியா வந்தாங்க.

194 குண்டு

மறுநாள் மாமாவ சாங்கிக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்க ஜோகூர் பேட்டரின்னு ஒரு இடம் இருக்கு, பேட்டரின்னா ஒண்ணா சேத்து வச்ச பீரங்கிங்க, பஸ் இறங்கி கொஞ்சம் நடக்கணும், டூரிஸ்ட் யாரும் அவ்வளவா வர மாட்டாங்க. 1991ல சிறைத்துறை ஆளுங்க அங்க தரைக்கு அடியில பழைய சுரங்கத்தக் கண்டுபிடிச்சாங்க, பீரங்கிக்கு குண்டும் மருந்தும் வச்ச அறைங்க. இப்போ மேல ஒரு மாதிரி பீரங்கி செஞ்சு வச்சிருக்காங்க. மாமா அதோட நீளத்த காலடி வச்சு அளந்தாரு, இருபதுக்கு மேல போச்சு. அசல் குழாய் பதினாறு மீட்டருக்கு மேல, குழாய் மட்டும் 100 டன் எடை. 100 டன்னுன்னா எங்க பட்டறையில அத தூக்கறதுக்கு முன்னாடி ஒரு மீட்டிங் போட்டு, ரெண்டு தடவை தூக்கற சிலிங் கயிறு செக் பண்ணி, சுத்தி இருக்கற எல்லாரையும் வெளிய அனுப்பிட்டுத் தான் தூக்குவோம். அத 1930கள்ல கப்பல்லேர்ந்து இறக்கி இந்த மேட்டுக்கு இழுத்துட்டு வந்து நிறுத்தியிருக்காங்க.

சிங்கப்பூர்ல பெரிய கரைப் பீரங்கிங்க மொத்தம் 29. 15 இன்ச் அஞ்சு, 9.2 இன்ச் ஆறு, 6 இன்ச் பதினெட்டு. 15 இன்ச் அஞ்சுல மூணு சாங்கியில இந்த ஜோகூர் பேட்டரி, ரெண்டு மேற்க புவனா விஸ்டா. ஒரு குண்டு 880 கிலோ கிட்ட, 30 கிலோமீட்டருக்கு மேல போகும். போர்க்கப்பல்ல வைக்கற பீரங்கி தான் இது, 1941 டிசம்பர் 10ஆம் தேதி குவாந்தான் பக்கத்துல ஜப்பான் விமானங்க மூழ்கடிச்ச ரிபல்ஸ் கப்பல்ல இதே 15 இன்ச் ஆறு இருந்துச்சு, கூடப் போன பிரின்ஸ் ஆஃப் வேல்ஸும் அன்னைக்கே மூழ்கிப் போச்சு.

இப்போ திரும்புச்சா இல்லையாங்கற விஷயத்துக்கு வரேன். திரும்புச்சு. ஜோகூர் பேட்டரி மூணுல ரெண்டு நிலத்துப் பக்கம் திரும்பி, தண்ணிக்கு அங்கிட்டு மலேயாவுல இருக்கற ஜோகூர் பாரு பக்கமும், அப்புறம் சிங்கப்பூருக்குள்ளயே புக்கிட் தீமா பக்கமும் சுட்டிருக்கு. கணக்கு கூட இருக்கு, 194 குண்டு. பிளாக்காங் மாத்தியில இருந்த கன்னாட் பேட்டரியோட 9.2 இன்ச் பீரங்கிங்க தெங்கா பக்கம் சுட்டிருக்கு. நான் கைய வச்சு கதை சொன்ன அதே சிலோசோ கோட்டை 6 இன்ச்சும் நிலத்தப் பாத்துத் திரும்பி சுட்டிருக்கு. திரும்ப முடியாததுல முக்கியமானது புவனா விஸ்டா ரெண்டும், அதோட மவுண்டிங், அதாவது பீரங்கிய தாங்கற அடிப்பகுதி, தேவையான அளவு சுத்தாது, அதுங்க எதிரி மேல ஒரு குண்டு கூட சுடல. எங்க கிரேன்லயும் அப்படித் தான், கேபிள் முறுக்கிக்கக் கூடாதுன்னு சிலதுல இவ்ளோ தான் சுத்தணும்னு லிமிட் வச்சிருப்போம், அந்த லிமிட்டுக்கு அங்கிட்டு ஆயிரம் டன் வேலை இருந்தாலும் அது போகாது. ஆனா 29ல சிலத வச்சுகிட்டு எல்லாமே திரும்பலன்னு சொன்னது பெரிய தப்பு.

அந்த 194 குண்டும் என்ன ஆச்சுங்கறதுக்கு மாமா கேட்ட கேள்வி தான் பதில். 15 இன்ச்சுக்கு இருந்தது எல்லாம் ஏ.பி. கப்பல் உடைக்கற குண்டு. மத்ததுக்கு எச்.இ. குண்டு இருந்துச்சு, ஆனா ரொம்பக் கொஞ்சம். வடமேற்குக் கரை பூரா சதுப்பும் ரப்பர் தோட்டமும், ஈர மண்ணு. அங்க போய் விழுந்த 880 கிலோ குண்டு மண்ணுக்குள்ள புதைஞ்சு வெடிச்சா என்ன ஆகும். அது போக எங்க விழுதுன்னு பாத்து சொல்ல ஆள் வேணும். கடல்ல கப்பல் தெரியும், அத அளக்க மேட்டுல கருவியோட ஆளுங்க உக்காந்திருந்தாங்க, ஆனா மேட்டுக்கு அங்கிட்டு ரப்பர் மரத்துக்குள்ள இருக்கறவன அங்கேர்ந்து பாக்க முடியாது. அந்தப் பீரங்கிக்காரங்க கிட்டத்தட்ட வரைபடத்த வச்சுத் தான் சுட்டிருக்காங்க. சுத்தி கூட ராணுவம் பின்வாங்கிகிட்டு இருக்கும் போது, பிப்ரவரி 12 ராத்திரி ஜோகூர் பேட்டரிய அவங்களே வெடி வச்சு உடைச்சிட்டுப் போனாங்க. நானும் இயந்திரத்தோட வேலை பாக்கறவன், பல வருஷம் எண்ணெய் போட்டு துடைச்சு வச்சதை நம்ம கையாலயே உடைக்கறது என்னன்னு யோசிச்சுப் பாத்தா நெஞ்ச அடைக்குது.

ஜோகூர் பேட்டரின்னு பேரு வந்த கதையும் இப்போ தான் தெரியும். 1935ல இங்கிலாந்து ராஜா அஞ்சாம் ஜார்ஜோட வெள்ளி விழாவுக்கு ஜோகூர் சுல்தான் இப்ராஹிம் 5 லட்சம் பவுண்டு குடுத்தாரு, அதுல பெரும்பகுதி இந்தப் பீரங்கிங்களுக்குப் போச்சு, அதனால அவரோட ராஜ்ஜியத்து பேரு. ஏழு வருஷம் கழிச்சு அவர் காசுல வந்த பீரங்கி அவர் ஊரு மேலயே சுட்டுச்சு. ஜப்பான் தளபதி யமாஷிதா உக்காந்து சிங்கப்பூரப் பாத்துகிட்டு இருந்ததும் சுல்தானோட புக்கிட் செரீன் அரண்மனை கோபுரத்துலேர்ந்து தான்.

தெரிஞ்சு தான் இருந்துச்சு

பீரங்கி தப்பான பக்கம் பாத்துச்சுன்னு சொல்லும் போது என்ன ஆகுதுன்னா, யாரோ ஒரு இன்ஜினியர் ஒரு நாள் அசந்துட்டான், அதனால ஊரு போச்சுங்கற மாதிரி ஆயிருது. எனக்கு இப்போ கோவமே இதுல தான். யாரும் அசரல. வடக்கேர்ந்து ஆபத்து வரும்னு அவங்களுக்கே தெரிஞ்சிருந்துச்சு.

1937ல மலேயா ராணுவத்துக்குத் தலைவரா இருந்தவரு டாபின்னு ஒரு ஜெனரல். வடகிழக்கு பருவமழை நேரத்துல கிழக்குக் கரையில ஆள் இறக்க முடியாதுன்னு அதுவரைக்கும் எல்லாரும் நம்பிகிட்டு இருந்தாங்க. இவர் பாத்துட்டு, முடியும், சொல்லப் போனா அந்த மேகமூட்டம் எதிரிக்குத் தான் நல்லது, சயாம்லயும் (இன்னைக்கு தாய்லாந்து) மலேயாவோட கோத்தா பாருவுலயும் இறங்கி நிலத்து வழியா தெக்கே வருவான், அது தான் பெரிய ஆபத்துன்னு மேலிடத்துக்கு எழுதினாரு. அந்த ஆய்வுல அவர்கூட இருந்த ஸ்டாஃப் ஆபீசர் யார்னா பெர்சிவல், அதே பெர்சிவல் தான் 1942ல தளபதியா இருந்து சிங்கப்பூர்ல சரணடைஞ்சவரு. டாபிக்கு ஜோகூர்ல காவல் வரிசை கட்ட 60,000 பவுண்டு ஒதுக்குனாங்க, அதுலயும் செலவானது 23,000. சிங்கப்பூரோட வடக்குக் கரையில செம்பவாங்ல கடற்படைத் தளம் கட்ட ஆனது ஏறக்குறைய 6 கோடி பவுண்டுன்னு சொல்றாங்க. இந்த ரெண்டு தொகையையும் ஒரு பேப்பர்ல மேலயும் கீழயும் எழுதி ரொம்ப நேரம் பாத்துகிட்டே இருந்தேன்.

ஜப்பான்காரங்க இறங்குனது 1941 டிசம்பர் 8, கோத்தா பாரு, சரியா பருவமழைக்கு நடுவுல. அன்னைக்கு அந்தக் கரையில முதல்ல நின்னது நம்ம இந்திய சிப்பாய்ங்க, டோக்ரா ரெஜிமென்ட். அதுக்கப்புறமும் நேரம் இருந்துச்சு. டிசம்பர் 26 ராத்திரி ராணுவத்தோட தலைமை இன்ஜினியர் சிம்சன் பெர்சிவலப் போய்ப் பாத்து, வடக்குக் கரையில முள்கம்பி, பதுங்குகுழி எல்லாம் போடலாம், பொருளும் இருக்கு, ஆளும் இருக்காங்கன்னு கெஞ்சியிருக்காரு. பெர்சிவல் வேணாம்னுட்டாரு. அப்படிக் கட்டுனா சனங்களும் சிப்பாய்ங்களும் மனசு விட்டுருவாங்கன்னு காரணம் சொன்னதா சிம்சன் பின்னாடி எழுதி வச்சிருக்காரு. இத படிச்ச அன்னைக்கு எனக்குத் தூக்கம் வரல. எங்க வேலையிலயும் இது நடக்கும், ஒயர்ரோப்புல இழை விட்டிருக்குன்னு சொன்னா இப்போ அதப் பேசாதப்பா எல்லாரும் பயந்துருவாங்கன்னு சொல்ற ஆள எல்லா இடத்துலயும் பாத்திருக்கேன். இழை விட்ட ரோப்பு பேசாம இருந்தா சரியாயிராது.

1942 ஜனவரி 31 சிங்கப்பூரையும் ஜோகூரையும் சேக்கற காஸ்வே சாலைய வெள்ளக்காரங்களே உடைச்சாங்க. பிப்ரவரி 7 புலாவ் உபின் தீவுல ஆள இறக்கி ஜப்பான்காரங்க வடகிழக்குல வர்ற மாதிரி காட்டுனாங்க. மறுநாள் ராத்திரி வந்தது வடமேற்குல சரிம்புன் பக்கம். ஒரு வாரம். பிப்ரவரி 15, சீனப் புத்தாண்டு அன்னைக்கு புக்கிட் தீமா ஃபோர்டு கார் ஃபேக்டரியில பெர்சிவல் கையெழுத்து போட்டுட்டாரு. ரெண்டு நாள் கழிச்சு ஃபேரர் பார்க்ல 40,000க்கு மேல இந்திய சிப்பாய்ங்கள வரிசையா நிக்க வச்சு ஜப்பான்காரன் கையில ஒப்படைச்சாங்க, அதுக்கப்புறம் இந்திய தேசிய ராணுவம் வந்த கதை நமக்குத் தெரிஞ்சது தான். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நாங்க எல்லாம் சேர்ற லிட்டில் இந்தியாவுலேர்ந்து அந்த இடம் நடந்து போற தூரம்.

இன்னொண்ணு சொல்லாம விட முடியல. ஊரு விழுந்த அப்புறம் ஜப்பான்காரங்க சீனங்கள பொறுக்கி எடுத்து கடற்கரையிலயும் படகுலயும் வச்சு சுட்டாங்கல்ல, அதுல ஏறக்குறைய 300 பேரோட உடம்பு பிளாக்காங் மாத்தி கரையில ஒதுங்குச்சு. அதப் புதைச்சது அங்க கைதியா இருந்த பீரங்கிக்காரங்க. கடல்லேர்ந்து என்ன வருதுன்னு பாத்துகிட்டு இருந்தவங்க அவங்க. நான் அந்தத் தீவுல நின்னு எல்லாரையும் சிரிக்க வச்சுகிட்டு இருந்திருக்கேன். 2022 பிப்ரவரி 15, சரியா எண்பது வருஷம் கழிச்சு சிலோசோ கோட்டைய தேசிய நினைவுச் சின்னமா அறிவிச்சாங்க, அந்த வருஷம் கூட நான் ரெண்டு குடும்பத்துக்கு பழைய கதைய தான் சொன்னேன்.

செம்பவாங் கரை

மாமா ஊருக்குக் கிளம்பறதுக்கு முதல் நாள் சாயங்காலம் செம்பவாங் பார்க்குக்குப் போனோம். என் பட்டறை அங்கேர்ந்து பக்கம் தான், கேட்டுக்குள்ள வெளியாள விட மாட்டாங்க, நான் வேலை பாக்கற பக்கத்த வெளியேர்ந்தாவது காட்டலாம்னு தான் கூட்டிட்டுப் போனேன். அந்தப் பட்டறை எல்லாம் நான் மேல சொன்ன கடற்படைத் தளம், பழைய நேவல் பேஸ் இடம். 1938 பிப்ரவரி 14ல திறந்த கிங் ஜார்ஜ் டாக், கப்பல உள்ள நிறுத்தி பழுது பாக்கற பெரிய தொட்டி, இன்னும் இருக்கு, ஆயிரம் அடி நீளம், அந்தக் காலத்துல தமிழாளுங்களும் மலையாளிங்களும் எத்தனையோ பேரு இந்த பேஸ்ல வேலை பாத்திருக்காங்க. சாங்கி பீரங்கி எல்லாம் எதுக்கு நின்னுச்சுன்னா, கிழக்க கடல் வழியா எவனும் உள்ள நுழைஞ்சு இந்த பேஸுக்கு வந்துரக் கூடாதுன்னு தான். 29 பீரங்கியில பாதிக்கு இது தான் வேலை.

மாமா கரையில நின்னு எதிர்த்தாப்புல பாத்தாரு. வீடுங்க தெரிஞ்சுது, மரம் தெரிஞ்சுது, ஒரு படகு போச்சு.

"அது என்ன தீவு மாப்ள?"

"தீவு இல்ல மாமா, அது மலேசியா. ஜோகூர்."

"ஜோகூர்னா... அவன் வந்து நின்ன இடமா?"

"ஆமா மாமா."

நான் அத சொன்னப்புறம் தான் எனக்கே உறைச்சுது. பதினாலு வருஷமா மத்தியானம் சாப்பாட்டு டப்பாவத் திறந்து வச்சுகிட்டு இந்தத் தண்ணியப் பாத்துகிட்டுத் தான் சாப்பிடறேன். எந்த இடத்தக் காப்பாத்த 6 கோடி பவுண்டும் பீரங்கியும் வந்துச்சோ அந்த இடமே ஜோகூரப் பாத்துகிட்டு உக்காந்திருக்கு. ஜோகூர் கையவிட்டுப் போன அன்னைக்கே பேஸ் போச்சு, சிங்கப்பூர் விழறதுக்கு முன்னாடியே. ஜனவரி கடைசியிலயே கடற்படை ஆளுங்க இடத்தக் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. டாக் திறந்து நாலு வருஷம் கூட முழுசா ஆகல, அதுக்குன்னு செஞ்ச பெரிய கப்பல் படை வந்து நிக்கவே இல்ல. சாங்கியில அந்த 194 குண்டையும் சுட்டவங்க, ஆள் காலி பண்ணிட்டுப் போன பேஸுக்குக் காவலா நின்னு சுட்டிருக்காங்க. பீரங்கி எந்தப் பக்கம் பாத்துச்சுன்னு இத்தனை நாள் பேசிகிட்டு இருந்தேன், பேஸ் எந்தப் பக்கம் பாத்துச்சுன்னு யோசிக்கவே இல்ல, அதுவும் தினம் அங்கயே உக்காந்துகிட்டு.

மாமாகிட்ட இதெல்லாம் சொன்னேன். இடது பக்கமா நின்னு தான் சொன்னேன், கேட்டுகிட்டே இருந்தாரு. அப்புறம் ஒரு கண்ண மூடி, கைய நீட்டி கட்டைவிரல நிமித்தி எதிர்க்கரையில தெரிஞ்ச ஒரு கட்டடத்தோட வச்சுப் பாத்தாரு. பழக்கம் போகல.

"எவ்ளோ தூரம் இருக்கும்?"

"ஒரு கிலோமீட்டர் சொச்சம் மாமா."

"அப்போ பீரங்கியே வேணாம்டா. மோர்ட்டார் போதும்."

அதுக்கப்புறம் அவரு எதுவும் பேசல, இருட்டற வரைக்கும் அங்கயே பெஞ்சுல உக்காந்திருந்துட்டு கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸப் புடிச்சு வீட்டுக்கு வந்தோம்.